வார இறுதி லீக்கின் எம்.வி.பி.: 1963 விருது அரிஸினுக்குப் போனது சரியா?

#1 பழைய ஸ்கோர்ஷீட்

அமெரிக்கக் கூடைப்பந்தின் கீழ் லீக்கான ஜி லீக் விருதுகள் அறிவிக்கப்படும்போதெல்லாம் இங்கே ஒரே பல்லவிதான் கேட்கிறது: தலைமை லீக்கான என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஓர் ஆறுதல் பரிசு, அவ்வளவுதான் என்று. அந்தப் பல்லவியை ஒரு பழைய வழக்கில் உரசிப் பார்க்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வழக்கு, அமெரிக்காவின் ஈஸ்டர்ன் லீக். 1946 ஏப்ரல் 23 அன்று பென்சில்வேனியாவில் தொடங்கியது. பிற்பாடு என்.பி.ஏ. ஆன பி.ஏ.ஏ. பிறந்தது அதே ஆண்டு ஜூன் 6 அன்று. அதாவது வட்டார லீக்தான் ஆறு வாரம் மூத்தது. முதல் ஆண்டு ஆறு அணிகள்: வில்க்ஸ்-பாரி, ஹேஸல்டன், ஆலன்டவுன், லங்காஸ்டர், ரெடிங், இவற்றோடு பக்கத்து நியூயார்க் மாநிலத்திலிருந்து பிங்ஹாம்டன். பிங்ஹாம்டன் அணியும் பருவம் முடிவதற்குள் பாட்ஸ்வில்லுக்கு மூட்டை கட்டிவிட்டது. சுரங்க ஊர்களும் ஆலை ஊர்களும் நடத்திய லீக் இது. ஆட்டங்கள் பெரும்பாலும் வார இறுதியில். வார நாட்களில் ஆளாளுக்கு ஒரு வேலை. வெள்ளி மாலை ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் நான்கைந்து பேர் ஒரே காரில் நெருக்கி உட்கார்ந்து, பனி கொட்டும் மலைச்சாலையில் ஏறி, ஆடிவிட்டு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

இப்போது பால் அரிஸின். ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணிக்குப் பத்துப் பருவங்கள் ஆடியவர், பத்திலும் ஆல்-ஸ்டார், அதாவது லீக்கின் சிறந்தவர்கள் ஆட்டத்துக்குத் தேர்வானவர். புள்ளிப் பட்டியலில் இரண்டு முறை முதலிடம், 1956-ல் சாம்பியன் பட்டம். நடுவில் இரண்டு ஆண்டுகள் ராணுவப் பணிக்குப் போகாமல் இருந்திருந்தால் கணக்கு இன்னும் ஏறியிருக்கும். 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷியில் வில்ட் சேம்பர்லின் 100 புள்ளி அடித்த ஆட்டத்தில் அதே அணியில் 16 புள்ளி எடுத்தவரும் இவர்தான். அந்தப் பருவம் முடிந்ததும் வாரியர்ஸ் அணி சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றப்பட்டது. அரிஸின் போகவில்லை. குடும்பம் ஃபிலடெல்ஃபியாவில், கையில் ஐ.பி.எம். வேலை. ஆற்றைக் கடந்தால் கேம்டன். கேம்டன் புல்லட்ஸ் அணிக்காக ஈஸ்டர்ன் லீக்கில் ஆடத் தொடங்கினார். 1963-ல் லீக்கின் எம்.வி.பி., அதாவது பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், அவர்தான். 1964-ல் கேம்டனுக்குக் கோப்பை.

என் கேள்வி: அந்த விருது சரியான கைக்குத்தான் போனதா? சரியான கைக்குத்தான் போனது என்பது என் கட்சி. அவர் பெரிய ஆள் என்பதற்காகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் அந்த லீக்கின் மற்ற ஆட்டக்காரர்களைப் போல அவரும் அலுவலகத்துக்குப் போனார் என்பதற்காகச் சொல்கிறேன்.

#2 மிட்ரேஞ்ச் மணி

ஐயா, உங்கள் தீர்ப்பை நான் அடியோடு மறுக்கிறேன்.

16,266 புள்ளிகளோடு என்.பி.ஏ.வை விட்டு வந்த மனிதர் அவர். கடைசிப் பருவத்திலும் சராசரி 21.9. கால் தளர்ந்து இறங்கி வந்தவர் அல்லர், வீடு மாறப் பிடிக்காமல் இறங்கி வந்தவர். அவரைக் கொண்டுபோய், வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வார இறுதியில் ஆடவரும் ஒரு கணக்கு வாத்தியாருக்கு எதிரே நிறுத்தி, முடிவில் "இவரே சிறந்தவர்" என்று அறிவிப்பதில் என்ன புதுச் செய்தி இருக்கிறது? அதற்கு ஒரு பருவம் முழுக்க ஆட்டம் நடத்தியிருக்கவே வேண்டாம்.

வட்டார லீக்கின் விருது அந்த லீக்கில் வளர்ந்தவர்களுக்கு உரியது. மேலே இருந்து வந்தவருக்கு மாலை போடலாம், மேடையில் பேச வைக்கலாம். விருதைக் கொடுக்கக் கூடாது.

#3 ஆறாவது ஆள்

மணி, "கணக்கு வாத்தியார்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னீர்கள். அந்த லீக்கின் வாத்தியார் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சன்பரி, வில்லியம்ஸ்போர்ட் அணிகளுக்கு ஆடிய ஜான் சேனி. 1960-களில் ஃபிலடெல்ஃபியாவில் பள்ளி ஆசிரியர். பின்னாளில் 1982 முதல் 2006 வரை டெம்பிள் பல்கலைக்கழகத்தின் கோச்சாக இருந்து, 2001-ல் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர். அந்த லீக்கின் வாத்தியார்கள் இந்த ரகம்.

1962-63 பருவத்தில் என்.பி.ஏ.வில் இருந்தவை ஒன்பதே அணிகள். அணிக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்தாலும் நாடு முழுவதற்கும் நூற்றுச் சொச்சம் இடங்கள். அதிலும் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஓர் அணியில் இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்று எழுதாத சட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மிஞ்சியவர்கள் எங்கே போவார்கள்? ஹேஸல்டன் அணி 1955-56-லேயே ஐந்து கறுப்பின ஆட்டக்காரர்களைத் தொடக்க ஐவராக இறக்கியது. என்.பி.ஏ. அதைச் செய்ய 1960-களின் நடுப்பகுதி வரை காத்திருந்தது.

இன்னொருவர், ஹால் லியர். 1956 கல்லூரி சாம்பியன்ஷிப்பின் இறுதிச் சுற்றில் பட்டம் வென்றது பில் ரஸ்ஸலின் சான் ஃபிரான்சிஸ்கோ. சிறந்த ஆட்டக்காரர் விருது போனது மூன்றாம் இடம் பிடித்த டெம்பிளின் லியருக்கு. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மட்டும் 48 புள்ளிகள். என்.பி.ஏ.வில் அவர் ஆடியது மூன்று ஆட்டங்கள். அப்புறம் ஈஸ்டன் அணியில் ஈஸ்டர்ன் லீக், 1957-ல் அங்கே எம்.வி.பி.

இப்படிப்பட்டவர்கள் நிறைந்த கூட்டத்தில்தான் அரிஸின் வந்து வென்றார். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடு ஆடி அல்ல.

#4 கோட்டுக்கு வெளியே

எல்லோரும் ஈஸ்டர்ன் லீக்குக்கு ஆரத்தி எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த லீக்கில் வேறு யாரெல்லாம் ஆடினார்கள் என்பதையும் சொல்லுங்கள். 1951 கல்லூரிக் கூடைப்பந்துச் சூதாட்ட வழக்கில் சிறை சென்ற ஷெர்மன் வைட். தன் அணியின் ஆட்டத்திலேயே பந்தயம் கட்டி 1954-ல் என்.பி.ஏ.விலிருந்து துரத்தப்பட்ட ஜாக் மோலினாஸ். ஏழடி உயர பில் ஸ்பைவி. வேறு எங்கும் கதவு திறக்காதவர்களுக்கு அந்த லீக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

ஆட்டத்தை விற்றவர் பெயர் ஆண்டின் சிறந்த அணியிலோ, விருதுக்கான வாக்குச்சீட்டிலோ இருக்கலாமா? அந்தக் கறையோடு இருக்கும் பட்டியலில் அரிஸின் பெயர் இருப்பது அவருக்குப் பெருமையா?

#5 பழைய ஸ்கோர்ஷீட்

மூவரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

ஷெர்மன் வைட் குற்றத்தை ஒப்புக்கொண்டார், சிறையில் தண்டனை அனுபவித்தார், வெளியே வந்து உழைத்தார். அவர் வயதில் அவரளவு ஆடியவர்கள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. ஸ்பைவி மீது ஆட்டத்தை விற்றதாகத் தீர்ப்பே இல்லை. பொய்ச்சாட்சி வழக்கில் ஜூரி ஒருமனதாக முடிவெடுக்க முடியாமல் கலைந்தது. ஒன்பது பேர் விடுவிக்கச் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். அரசு வழக்கைக் கைவிட்டது. ஆனாலும் என்.பி.ஏ. அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. மோலினாஸ் கதை வேறு. அவர் திருந்தவே இல்லை. 1961-ல் வெடித்த அடுத்த கல்லூரிச் சூதாட்டத்தின் சூத்திரதாரியே அவர்தான். அவருக்காக நான் வாதாட மாட்டேன்.

ஒரு பருவத்தின் விருது அந்தப் பருவத்தில் நடந்ததற்குத்தான். ஆட அனுமதித்துவிட்டு, டிக்கெட் விற்றுவிட்டு, பரிசு நாளில் மட்டும் "நீ கறைபட்டவன்" என்பது கோழைத்தனம். சேர்க்காதே, அல்லது சேர்த்தால் முழுதாகச் சேர்.

மணி தம்பிக்கும் ஒரு பதில். "அந்த லீக்கில் வளர்ந்தவர்களுக்கு" என்றீர்கள். அரிஸின் எங்கே வளர்ந்தார்? உயர்நிலைப் பள்ளி அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தேவாலய லீக்குகளிலும் உள்ளூர் லீக்குகளிலும் ஆடிப் பழகியவர். அந்த ஆட்டங்கள் நடந்த பல இடங்கள் நடனக் கூடங்கள். மெழுகு பூசிய தரையில் காலை ஊன்றி ஹூக் ஷாட் எடுக்கப் போனால் வழுக்கும். அதனால் தரையை விட்டு எழும்பி, காற்றிலிருந்தே எறியத் தொடங்கினார். ஜம்ப் ஷாட்டுக்குப் பெயர் போன முதல் தலைமுறையில் அவரும் ஒருவர் ஆனது அந்த வழுக்குத் தரையால்தான். என்.பி.ஏ. பத்தாண்டு, அவர் வாழ்க்கையின் நடுப்பகுதி. 1962-ல் அவர் இறங்கி வந்தார் என்கிறீர்கள், நான் வீடு திரும்பினார் என்கிறேன்.

#6 விசில்

நீங்கள் யாருக்குக் கொடுக்கலாம் என்று அடித்துக்கொள்கிறீர்கள். யார் கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பல ஆண்டுகள் மேசை அதிகாரியாக உட்கார்ந்தவன். அந்த நாற்காலியில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு கோடைக்காலப் போட்டி, ஊர் பெயர் வேண்டாம். இறுதி ஆட்டத்தின் நான்காம் கால்பகுதி, இரண்டு நிமிடமும் சில நொடிகளும் பாக்கி. மூன்று புள்ளி வித்தியாசம். அமைப்பாளர் ஒருவர் குனிந்தபடியே வந்து, என் ஸ்கோர் ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து வைத்தார். நீல பால்பாயிண்ட் பேனாவில் நான்கு பெயர்கள்: சிறந்த வீரர், சிறந்த ரீபவுண்டர், சிறந்த பாயிண்ட் கார்டு, வளரும் வீரர். "அறிவிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள், சிறப்பு விருந்தினருக்கு ரயில் நேரமாகிறது" என்றார். சிறந்த ரீபவுண்டர் என்று எழுதியிருந்த பையன் முதல் பாதியிலேயே கணுக்கால் பிசகி பெஞ்சில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். என் ஷீட்டில் யாரும் ஒரு வரிகூடப் பார்க்கவில்லை. கடைசி நிமிடத்தில் இரண்டு ஸ்டீல் செய்து ஆட்டத்தைத் திருப்பியவன் பெயர் அட்டையில் இல்லை, இருக்கவும் முடியாது. அட்டை எழுதும்போது அது நடக்கவே இல்லையே.

ஆகவே ஈஸ்டர்ன் லீக்கோ ஜி லீக்கோ, எனக்கு முதல் கேள்வி, வாக்கு யாருடையது, எப்போது எண்ணப்பட்டது என்பதுதான்.

#7 மிட்ரேஞ்ச் மணி

விசில் அண்ணா, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியது.

ஜி லீக்கில் வாக்கு, அணிகளின் தலைமைக் கோச்களுக்கும் பொது மேலாளர்களுக்கும். எதிரே நின்று தோற்றவர்களே வாக்களிக்கிறார்கள் என்பதால் அதை நான் நம்புகிறேன். சிக்கல் வேறு இடத்தில். சம்பளத்தைப் பாருங்கள். 2018-19 பருவத்தில் ஐந்து மாதத்துக்கு 35,000 டாலர். அதே ஆண்டு என்.பி.ஏ.வில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பல லட்சம் டாலர். மேலே இருந்து அழைப்பு வந்தால் எவர் நிற்பார்? பருவத்தின் நடுவில் சிறந்தவர்கள் போய்விடுவதே அந்த லீக்கின் வேலை. அழைத்துப்போக ஆள் தயார் செய்வதற்காகவே அது நடத்தப்படுகிறது.

அதனால்தான் விருதும் வேடிக்கையாகிறது. 2018-19-ல் ராப்டர்ஸ் 905 அணியின் கிறிஸ் பூஷே ஒரே ஆண்டில் எம்.வி.பி., சிறந்த தடுப்பாட்டக்காரர் இரண்டையும் வாங்கினார். அதற்கு முன் எவரும் செய்யாதது. ஆனால் பருவத்தின் முழு ஆட்டங்களையும் அவர் அங்கே ஆடவில்லை. டொரோன்டோவின் என்.பி.ஏ. அணிக்கும் இங்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு டொரோன்டோ என்.பி.ஏ. பட்டம் வென்றபோது அந்த அணியிலும் இருந்தார். 2021-ல் பெருந்தொற்றால் பருவமே ஒர்லாண்டோவில் ஒரே வளாகத்துக்குள் சில வாரங்களில் முடிந்தது. டெலவேர் அணியின் பால் ரீட் எம்.வி.பி., சிறந்த புதுமுகம் இரண்டையும் வாங்கினார். வாங்கட்டும், ஆட்டம் அப்படி. ஆனால் என்.பி.ஏ. இப்போது 65 ஆட்டம் ஆடாவிட்டால் பெரிய விருதுகளுக்குத் தகுதி இல்லை என்று 2023-24 முதல் விதி வைத்திருக்கிறது. கீழ் லீக்கில் அப்படி ஒரு விதி வைத்தால் வாக்குச்சீட்டில் பாதிப் பெயர் காணாமல் போகும்.

அங்கே நிற்பவருக்குக் கொடுத்தால் மட்டம், போகிறவருக்குக் கொடுத்தால் அரைகுறை. இதைத்தான் நான் ஆறுதல் பரிசு என்கிறேன்.

#8 வலைக்கயிறு

மணி, உலகத்தில் கீழ் லீக் என்றால் அமெரிக்காவில் மட்டும்தானா? ஆஸ்திரேலியாவின் என்.பி.எல்.1-ஐப் பாருங்கள். அரைத் தொழில்முறை லீக் என்றால் அதுதான். 2018-ல் எஸ்.இ.ஏ.பி.எல். என்ற பழைய லீக் மூடப்பட்ட பிறகு 2019-ல் தெற்குப் பிரிவோடு தொடங்கியது. பிறகு குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ் லீக்குகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி விருதுகள். ஒரே கிளப்பின் பெண்கள் ஆட்டமும் ஆண்கள் ஆட்டமும் ஒரே மாலையில், ஒரே டிக்கெட்டில், ஒன்றன் பின் ஒன்றாக நடக்கின்றன. இந்த இழையில் ஏழு பதிவுகள் ஓடியும் ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை என்பதையும் போகிற போக்கில் குறித்துவைக்கிறேன்.

2022-ல் அந்த லீக்கின் கிழக்குப் பிரிவில் அல்பரி வொடோங்கா அணிக்கு ஆட வந்தவர் லாரன் ஜாக்சன். முழங்கால் ஒத்துழைக்காமல் 2016-ல் ஓய்வு அறிவித்தவர். அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் மூன்று முறை எம்.வி.பி. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அல்பரி அவர் பிறந்த ஊர். அங்குள்ள உள்ளரங்கத்துக்கு அவர் பெயர்தான். தன் பெயர் எழுதிய கட்டடத்துக்குள் கிட் பையைத் தூக்கிக்கொண்டு நுழைந்து, ஊர்ப் பெண்களோடு வார்ம்-அப் ஓடினார். அந்த ஆண்டே சிட்னியில் நடந்த உலகக் கோப்பையில் ஆஸ்திரேலிய அணியில் இடம். கனடாவுக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டத்தில் 30 புள்ளிகள்.

எனக்கு மாவட்ட அளவில் ஆடிய அனுபவம் உண்டு. அப்படி ஒருவர் எதிரணியில் வந்து நின்றால், விருது அவருக்குப் போனால் எனக்கு வருத்தம் இருக்காது. அவரைத் தடுத்து ஆடிய நாற்பது நிமிடம் என்னிடம் இருக்கும். ஆனால் அவர் நான்கு ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு விமானம் ஏறியிருந்தால் அது வேறு. பெரிய பெயரைக் கொண்டுவந்து கூட்டம் சேர்ப்பதும், அவர் வந்து பருவம் முழுக்க ஆடுவதும் ஒன்றல்ல. பழைய ஸ்கோர்ஷீட் அண்ணா சொல்லும் திங்கட்கிழமை அலுவலகக் கணக்கைவிட எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது: எத்தனை வெளியூர் ஆட்டத்துக்கு பஸ்ஸில் ஏறினார்?

#9 பழைய ஸ்கோர்ஷீட்

சகோதரி, ஒப்புக்கொள்கிறேன். பஸ் கணக்கு அலுவலகக் கணக்கைவிட நேரானது. அந்தக் கணக்கிலும் அரிஸின் தேறுகிறார். மூன்று பருவங்கள் கேம்டனில் இருந்தார்.

#10 ஆறாவது ஆள்

எம்.வி.பி.யையே பிடித்துத் தொங்குகிறீர்கள். இந்த லீக்குகளில் எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தவை பக்கத்து விருதுகள்தான்.

பாப் லவ். 1965-ல் என்.பி.ஏ.வின் சின்சினாட்டி ராயல்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அணியில் சேர்க்காமல் அனுப்பியது. ஈஸ்டர்ன் லீக்கில் டிரென்டன் அணிக்கு ஆடி 1966-ல் சிறந்த புதுமுகம். அடுத்த பருவமே அதே சின்சினாட்டி அவரை எடுத்துக்கொண்டது. பிறகு சிகாகோ புல்ஸ் அணியின் தூண், மூன்று முறை ஆல்-ஸ்டார். 1965-ல் விரட்டிய அணிக்கு, ஒரு வார இறுதி லீக்கின் விருதுதான் மறுபடி கண்ணைத் திறந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

கோச் விருதைப் பாருங்கள். 2011-ல் அயோவா எனர்ஜி அணியின் நிக் நர்ஸ் டி லீக்கின் (ஜி லீக்கின் பழைய பெயர்) சிறந்த கோச். 2019-ல் டொரோன்டோவோடு என்.பி.ஏ. பட்டம், 2020-ல் என்.பி.ஏ.வின் சிறந்த கோச். 2009-ல் அதே டி லீக் விருதை வாங்கிய குவின் ஸ்னைடரும் என்.பி.ஏ.வில் தலைமைக் கோச் ஆனார். ஆட்டக்காரரை மேலே அழைத்துப்போய்விடுவார்கள், கோச்சை யாரும் பத்து நாள் ஒப்பந்தத்தில் கூப்பிடுவதில்லை. முழுப் பருவமும் இருக்கிறார், அவர் செய்த வேலை முழுதாகத் தெரிகிறது. மணி சொன்ன கோளாறு இந்த விருதைத் தொடவே இல்லை.

#11 விசில்

அந்தக் கோச் விருதின் பெயரையும் சொல்லுங்கள்: டென்னிஸ் ஜான்சன் விருது. ஜான்சன், பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் கார்டு இடத்தில் ஆடிய பெரிய ஆட்டக்காரர். ஆஸ்டின் டோரோஸ் அணியின் கோச்சாக இருந்தபோது 2007 பிப்ரவரியில் பயிற்சி முடிந்த கையோடு சரிந்து இறந்தார். நன்னடத்தை விருது ஜேசன் காலியர் பெயரில். அந்த லீக்கில் ஆடி அட்லாண்டாவுக்குப் போன செண்டர், 2005-ல் இருபத்தெட்டு வயதில் இறந்தவர். வள்ளல் பெயரையும் தலைவர் பெயரையும் கோப்பையில் பொறிக்கிற நம் வழக்கத்துக்கு, அந்த லீக்கிலேயே வேலை பார்த்தவர்களின் பெயரை வைத்தது எவ்வளவோ மேல்.

#12 புதிய உறுப்பினர்

வணக்கம். படித்துக்கொண்டே வந்தேன். அந்த ஜி லீக்கில் நம் நாட்டவர் யாராவது விருதுப் பக்கம் போயிருக்கிறார்களா?

#13 மிட்ரேஞ்ச் மணி

விருதுப் பக்கம் போகவில்லை. 2015-ல் என்.பி.ஏ. புதுமுகத் தேர்வில் டாலஸ் 52-வது தேர்வாக எடுத்த சத்னாம் சிங், டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணியில் இருந்தார், பெரும்பாலும் பெஞ்சில். அம்ஜ்யோத் சிங் 2017-18-ல் ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்கு ஆடினார். அந்த லீக்கில் பெஞ்சிலிருந்து எழுந்து கோர்ட்டுக்குள் போவதே எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இவர்கள் இருவரும் சாட்சி.

பெரியவருக்கு என் கடைசி வாதம். நீங்கள் சுற்றிச் சுற்றி வருவது "இருந்தவருக்கே விருது" என்ற இடத்துக்குத்தான். அப்படியானால் அதை நீண்ட சேவைப் பதக்கம் என்றே வைத்துவிடலாம். ஆண்ட்ரே இங்ரம் பத்தாண்டு அந்த லீக்கில் இருந்தார், மூன்று புள்ளி எறிவதில் லீக்கின் சாதனையாளர், பக்கத்தில் கணக்கு டியூஷன் எடுத்தார். (நான் இளக்காரமாகச் சொன்ன கணக்கு வாத்தியார் இங்கே வந்துவிட்டார், ஆறாவது ஆள் சிரிக்க வேண்டாம்.) 2018 ஏப்ரல் 10 அன்று, 32 வயதில், என்.பி.ஏ.வின் லேக்கர்ஸ் அழைத்தது. முதல் ஆட்டத்தில் ஹூஸ்டனுக்கு எதிராக 19 புள்ளிகள். அரங்கமே எழுந்து நின்றது. அவ்வளவு அருமையான மனிதருக்கும் எம்.வி.பி. கொடுக்கவில்லை. ஏன்? அந்த விருது இருப்புக்கு அல்ல, ஆட்டத்துக்கு என்று வாக்களித்தவர்களுக்கே தெரியும்.

#14 பழைய ஸ்கோர்ஷீட்

இருந்தால் மட்டும் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? சிறப்பாகவும் ஆட வேண்டும், இருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த ஒரு வாக்குச்சீட்டு நிஜமாகவே இருக்கிறது. இத்தனை நேரம் அதை யாரும் எடுக்கவில்லை என்பதே எனக்கு வியப்பு.

2013-14 டி லீக் எம்.வி.பி. விருது. இருவருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. ஒருவர் ஃபோர்ட் வெய்ன் மேட் ஆன்ட்ஸ் அணியின் ரான் ஹோவர்ட். ஏழு பருவங்கள் அதே ஊர், அதே சட்டை. ஊரே அவரை அணியின் பெயராலேயே கூப்பிட்டது. அந்தப் பருவத்தில் லீக்கின் அதுவரையிலான புள்ளிச் சாதனையும் அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டு கோப்பையும் ஃபோர்ட் வெய்னுக்கு. என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றுகூட அவர் கணக்கில் இல்லை.

மற்றவர் அயோவா எனர்ஜி அணியின் ஓதியஸ் ஜெஃபர்ஸ். 2009-ல் அதே அயோவாவில் சிறந்த புதுமுகம். இடையில் யூட்டா, சான் அன்டோனியோ, வாஷிங்டன் என்று மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தார். அந்த 2013-14 பருவத்திலும் மினசோட்டா அவரை அழைத்தது.

நின்றவர் ஒருவர், போய்ப் போய் வந்தவர் ஒருவர். கோச்களும் மேலாளர்களும் இருவரையும் சமமாக நிறுத்தினார்கள். மணியின் கட்சியும் என் கட்சியும் ஒரே சீட்டில். ஒன்றை மட்டும் வெட்டு என்றால் நான் ஜெஃபர்ஸ் பெயரை வெட்டி ஹோவர்டை வைத்துக்கொள்வேன்.

#15 வலைக்கயிறு

வெட்ட வேண்டாம் அண்ணா. பஸ் கணக்குப்படி பார்த்தால் ஜெஃபர்ஸ் எத்தனை முறை அயோவாவுக்குத் திரும்பி வந்து மறுபடி பஸ் ஏறியிருக்கிறார் என்று பாருங்கள். என்.பி.ஏ.வின் தனி விமானத்தில் ஒரு முறை போய்விட்டு அதே பஸ்ஸில் மறுபடி உட்கார்வது, ஏழு ஆண்டு பழகிய பஸ்ஸில் உட்கார்வதைவிடக் கடினம்.

#16 மிட்ரேஞ்ச் மணி

நான் ஜெஃபர்ஸுக்குத்தான் வாக்களிப்பேன் என்று எழுத வந்தேன். ஆனால் என் காரணம் அதுவல்ல. அழைப்பு வருவதே அவர் ஆட்டத்துக்கான சான்று, என் கணக்கு இன்னும் அதுதான். 1963 பற்றி மட்டும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். அரிஸினை யாரும் மேலே அழைக்கவில்லை என்று சொல்ல முடியாது, அவர்தான் போக மறுத்தார். அதனால் அவர் என் விதிக்குள்ளும் சிக்கவில்லை, உங்கள் விதிக்குள்ளும் முழுதாகச் சிக்கவில்லை. அவருக்கு விருது, எனக்கு ஆட்சேபம் இல்லை.

#17 விசில்

1963-ல் அந்த வாக்கைப் போட்டவர்கள் யார், ஆட்டம் முடிந்த பிறகு போட்டார்களா, முன்னாலேயே போட்டார்களா? பழைய ஸ்கோர்ஷீட், ஸ்க்ரான்டன், வில்க்ஸ்-பாரி பத்திரிகைகளின் பழைய விளையாட்டுப் பக்கங்களை நீங்கள் தோண்டுகிறவர் என்று தெரியும். கிடைத்தால் படத்தோடு இங்கே போடுங்கள்.